2350 எப்படி 2035 ஆனது?

2035-ம் ஆண்டுக்குள் இமயமலைப் பனியாறுகள் மறைந்துபோக வாய்ப்பு மிக அதிகம். 2007-ல் இப்படி எழுதியது ஐ.பி.சி.சி. என்று உலகம் அழைக்கும், காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழு. அதே ஆண்டில்தான் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோருடன் சேர்த்து அந்தக் குழுவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் எழுதி, வேறு நூற்றுக்கணக்கானவர்கள் பரிசீலித்து வெளிவரும் அறிக்கை அது. அதிலிருந்த ஒரு வரியை யார் சந்தேகப்படுவார்கள்?

கங்கைக்கும் சிந்துவுக்கும் பிரம்மபுத்திராவுக்கும் நீர் ஊட்டும் பனி இன்னும் 28 ஆண்டுகளில் இருக்காது என்றால், அந்த நதிகளை நம்பி வாழும் கோடிக்கணக்கான மக்களின் கதி என்ன? இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் என்று எல்லா நாடுகளிலும் இந்தக் கேள்வி எழுந்தது. பத்திரிகைகள் எழுதின, தலைவர்கள் மேடையில் பேசினார்கள், பள்ளிக் குழந்தைகள் கட்டுரைப் போட்டியில் எழுதினார்கள்.

2010 ஜனவரி 20 அன்று ஐ.பி.சி.சி. ஓர் அறிக்கை வெளியிட்டது. இமயமலைப் பனியாறுகள் பற்றிய அந்தப் பத்தியில் சரியான ஆதாரமில்லாத மதிப்பீடுகள் இடம்பெற்றுவிட்டன என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. எத்தனையோ கண்களைத் தாண்டி அந்த வரி அச்சேறியது எப்படி என்று பார்ப்பது இன்றைக்கும் அவசியம். ஏனென்றால், அதே மாதிரியான தவறு மருத்துவத்தில் நடந்தபோது உயிர்கள் போயிருக்கின்றன.

முதலில் அந்தப் பத்தியையே கையில் எடுத்துப் பார்க்கலாம். 2007 அறிக்கையின் இரண்டாம் தொகுதியில் பத்தாவது அத்தியாயம் ஆசியாவைப் பற்றியது. அதில் இமயமலைப் பனியாறுகளுக்கென்று ஒரு சிறு பகுதி. இமயமலையில் பனியாறுகளின் பரப்பு சுமார் 30 லட்சம் ஹெக்டேர் என்று அந்தப் பகுதியிலேயே இருக்கிறது. சதுர கிலோமீட்டரில் சொன்னால் 30,000. 2035-க்குள் மறைந்துவிடும் என்ற பிரபலமான வரியும் அங்கேதான் வருகிறது. அதற்கு அடுத்த வரியில், பனியின் மொத்தப் பரப்பு இப்போதுள்ள 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 2035-க்குள் 1 லட்சமாகச் சுருங்கும் என்று போட்டிருக்கிறது.

30,000 சதுர கிலோமீட்டர் எப்படி 5 லட்சம் ஆனது? முழுவதும் மறைந்துபோகிற பனி, அதே ஆண்டில் 1 லட்சம் சதுர கிலோமீட்டர் எப்படி மிச்சமிருக்கும்? இதைக் கேட்கப் பனியாறுகளைப் பற்றிய படிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு பென்சிலும் நிதானமும் போதும்.

அதே பகுதியில் ஓர் அட்டவணையும் உண்டு. உத்தராகண்டில், குமாவுன் மலைப்பகுதியில் இருக்கும் பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது என்று அதில் ஒரு வரி. பக்கத்துக் கட்டத்தில், ஆண்டுக்குச் சராசரியாக 135.2 மீட்டர். 1845-லிருந்து 1966 வரை 121 ஆண்டுகள். 2,840-ஐ 121-ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 23.5. எந்த எண்ணால் வகுத்தால் 135.2 வரும் என்று போட்டுப் பார்த்தால், விடை 21. நூறு ஆண்டுகள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. அட்டவணையை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு, இமயமலையில் எல்லாவற்றையும்விட வேகமாகக் கரைவது பிண்டாரிதான் என்று தோன்றும்.

வரைவு பரிசீலனைக்குப் போனபோதே, மறைவதாகச் சொல்லும் வரியும் சுருங்குவதாகச் சொல்லும் வரியும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பரிசீலகர் குறித்தனுப்பியிருந்தார். ஜப்பான் அரசும் அந்த வரிகளைப் பற்றிக் கேள்வி கேட்டிருந்தது. குறிப்புகள் கோப்பில் சேர்ந்தன. வரிகள் அப்படியே அச்சுக்குப் போயின.

மூலத்தைத் தேடிப் போனவர் கனடாவில், ஒன்டாரியோ மாநிலத்து ட்ரென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரஹாம் கோக்லி. ஐ.பி.சி.சி. ஆதாரமாகக் காட்டியது உலக இயற்கை நிதியம் 2005-ல் வெளியிட்ட ஓர் அறிக்கையை. அது ஆய்விதழ்களில் வரும் கட்டுரைபோல நிபுணர் பரிசீலனைக்கு உட்பட்டது இல்லை. அந்த அறிக்கை 2035 என்ற ஆண்டை எடுத்தது லண்டனிலிருந்து வரும் 'நியூ சயின்டிஸ்ட்' வார இதழின் 1999-ம் ஆண்டுச் செய்தி ஒன்றிலிருந்து. அந்தச் செய்தியோ ஒரு விஞ்ஞானியின் பேட்டியை வைத்து எழுதப்பட்டது. அதே 1999-ல் டெல்லியிலிருந்து வரும் 'டவுன் டு எர்த்' இதழிலும் 2035 வந்திருந்தது. ஐ.பி.சி.சி.யின் அந்த வரி ஏறக்குறைய அப்படியே அங்கே இருந்தது.

சரி, 5 லட்சமும் 1 லட்சமும் எங்கிருந்து வந்தன? கோக்லி கண்டுபிடித்தது 1996-ல் யுனெஸ்கோ வெளியிட்ட ஒரு தொகுப்பை. ரஷ்யப் பனியியலாளர் கோட்லியாகோவ் தொகுத்தது. துருவப் பகுதிகளைத் தவிர்த்து, உலகம் முழுவதிலும் உள்ள பனியாறுகளின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்று அதில் இருக்கிறது. எப்போது? 2350-ல்.

உலகப் பனியாறுகளின் கணக்கு இமயமலையின் கணக்காகிவிட்டது. 2350 என்ற ஆண்டு 2035 ஆகிவிட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் விலகியிருந்த ஒரு கணிப்பு, அப்போது பிறந்த குழந்தை முப்பது வயதை எட்டுவதற்குள் வந்துவிடும் என்றானது. இடையில் எத்தனை பேர் அந்த வரியைக் கையாண்டார்கள்! ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருந்தவர் மூலத்தைப் பார்த்திருப்பார் என்று நம்பினார். கோக்லியும் மூன்று சக விஞ்ஞானிகளும் 'சயின்ஸ்' இதழில் 2010-ல் எழுதிய கடிதம் இன்னொன்றையும் சொன்னது: 2035-க்குள் பனி முழுவதும் தீர வேண்டுமானால், 1960 முதல் 1999 வரை கரைந்ததைப்போல 25 மடங்கு வேகத்தில் கரைய வேண்டும்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கு இன்னொரு பங்கும் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முன்னாள் அதிகாரி வி.கே. ரெய்னா, இமயமலைப் பனியாறுகள் குறித்து அதுவரை செய்யப்பட்ட நேரடி அளவீடுகளைத் தொகுத்து எழுதிய ஆய்வறிக்கையை 2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. அப்போது அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ். பனியாறுகள் பல பின்வாங்குகின்றன என்றாலும், 2035 என்ற பேச்சுக்கு அந்த அளவீடுகளில் இடமில்லை. ஐ.பி.சி.சி.யின் தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரி அந்த அறிக்கையை மாந்திரீக விஞ்ஞானம் என்று கடுமையாகச் சாடினார். அடுத்த இரண்டே மாதத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது அவர் தலைமையில் இருந்த குழுவுக்குத்தான். பின்னர் ஐ.நா. பொதுச்செயலாளரும் ஐ.பி.சி.சி.யும் கேட்டுக்கொண்டதன் பேரில், உலக அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு ஐ.பி.சி.சி.யின் வேலைமுறையையே தணிக்கை செய்து 2010 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 2035 தவறு என்று தெரிந்ததும், அதை வைத்தே இன்னொரு தவறான முடிவுக்குப் பலர் தாவினார்கள். பனியாறுகள் உருகவே இல்லை, புவி வெப்பமடைதலே கட்டுக்கதை என்ற பிரசாரத்துக்கு அந்த மன்னிப்பு அறிக்கை ஆயுதமானது. ஐ.பி.சி.சி. திரும்பப் பெற்றது ஒரு பத்தியை. பனி கரைகிறது என்ற முடிவை அது திரும்பப் பெறவே இல்லை. அதே அறிக்கையில் அதை மறுபடி வலியுறுத்தியது. காத்மாண்டுவில் இயங்கும் ஐசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்துகுஷ் இமயமலைப் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 2011-2020-ல் 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன. கரியமில வாயு வெளியேற்றம் இப்போதைய போக்கிலேயே போனால், இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் பனியின் கன அளவில் 80 சதவீதம் வரை போய்விடலாம். இதுவே பயப்பட வேண்டிய செய்திதான். ஒரு தவறான ஆண்டு, இந்த உண்மையான செய்தியின் மேல் மக்களுக்கிருந்த நம்பிக்கையைப் பல ஆண்டுகளுக்குக் கெடுத்துவிட்டது. பிழையைவிடப் பெரிய நஷ்டம் அதுதான்.

இங்கிலீஷிலேயே போட்டிருக்கிறது!

மேலே சொன்ன கதையில் சம்பந்தப்பட்ட எவருக்கும் ஆங்கிலம் தெரியாமல் இல்லை. எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள், அதிலேயே ஆராய்ச்சி செய்கிறவர்கள். நம் ஊரில் ஒரு தகவலைத் தவறாகப் புரிந்துகொண்டால், அவருக்கு இங்கிலீஷ் போதாது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதேபோல ஒரு செய்திக்கு ஆதாரம் கேட்டால், "இங்கிலீஷிலேயே போட்டிருக்கானே" என்ற பதிலோடு வாக்குவாதம் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஆபத்தானவை. ஆங்கிலத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டதால்தான் பெரிய தவறுகள் நடந்திருக்கின்றன.

தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் 1945-ல் வெளியிட்ட பரிந்துரையில், வயது வந்தவர்களுக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு 2.5 லிட்டர் தண்ணீர் தேவை என்று இருக்கிறது. அந்த இடத்திலேயே, இதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். முதல் வரி உலகம் சுற்றியது. பின்னால் வந்த வரி புத்தகத்திலேயே தங்கிவிட்டது. டார்ட்மத் மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் பேராசிரியர் ஹெயின்ஸ் வால்டின் 2002-ல் இந்த எட்டு டம்ளர் விதிக்கு அறிவியல் ஆதாரம் தேடி ஒரு முழுக் கட்டுரை எழுதினார். மிதமான தட்பவெப்பத்தில் வாழும் ஆரோக்கியமானவர்களுக்கு அப்படியொரு ஆதாரம் எங்கும் கிடைக்கவில்லை. விதி பிறந்தது இந்தத் தவறிய வரியிலிருந்தே இருக்கலாம் என்பது அவர் குறிப்பிட்ட சாத்தியங்களில் ஒன்று. வடித்த சோற்றிலேயே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதன்மேல் சாம்பார், ரசம், மோர் என்று ஊற்றிச் சாப்பிடும் வீடுகளில் அந்த இரண்டாவது வரிக்கு இன்னும் அதிக அர்த்தம் உண்டு. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கும், சிறுநீரகக் கல் இருப்பவர்களுக்கும் கணக்கு வேறு. அதை அவரவர் மருத்துவர் சொல்வார்.

தண்ணீர் கூடுதலாகக் குடித்தால் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய கேடு வந்துவிடாது. அடுத்த கதை அப்படி இல்லை.

இரண்டு மடங்கு என்றால் எவ்வளவு?

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, நாடு முழுவதும் உள்ள மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் அவசரக் கடிதம் அனுப்பியது. அப்போது புதிதாகப் புழக்கத்தில் இருந்த, மூன்றாம் தலைமுறை என்று அழைக்கப்பட்ட கருத்தடை மாத்திரைகளால், கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும் ஆபத்து பழைய மாத்திரைகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது கடிதம். மருத்துவர்கள் கையில் கடிதம் கிடைப்பதற்குள் தொலைக்காட்சியில் செய்தி வந்துவிட்டது. இரண்டு மடங்கு ஆபத்து! பெண்கள் பயந்துபோய், எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையைப் பாதி அட்டையிலேயே நிறுத்தினார்கள். மாத்திரையை உடனே நிறுத்திவிடாமல் மருத்துவரைப் பார்க்கும்படி சொன்ன அறிவுரை இந்தப் பதற்றத்தில் கரைந்துவிட்டது.

எதன் இரண்டு மடங்கு? பழைய மாத்திரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு ரத்தம் உறைந்தது. புதிய மாத்திரையில் 7,000 பேரில் இரண்டு பேருக்கு. இரண்டு மடங்கு என்பது பொய்யில்லை. கூடுதல் ஆபத்து 7,000-ல் ஒருவருக்கு என்பதும் அதே ஆய்வுகளின் முடிவுதான். முதல் கணக்கு மட்டும் வீட்டுக்கு வீடு போனது. அதைவிட வேதனையான விஷயம் ஒன்று உண்டு. கர்ப்பக் காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து இந்த இரண்டு வகை மாத்திரைகளில் உள்ளதையும்விட அதிகம். மாத்திரையை விட்டு, விரும்பாமல் கருவுற்ற பெண்கள், தாங்கள் பயந்த ஆபத்தைவிடப் பெரிய ஆபத்துக்குள் போனார்கள். அதுவரை சில ஆண்டுகளாகக் குறைந்துவந்த கருக்கலைப்புகள் 1996-ல் கூடின. இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும் கூடுதலாக 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பீடு.

பெர்லினில் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பணியாற்றிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர், இந்த நிகழ்வைத் தன் எழுத்திலும் பேச்சிலும் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லிவருகிறார். எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பதைச் சொல்லாமல் மடங்கையும் சதவீதத்தையும் மட்டும் சொல்லும் செய்தி மக்களுக்குத் தீங்கு செய்கிறது என்பது அவர் வாதம். புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது, மாரடைப்பு 30 சதவீதம் குறைகிறது என்றெல்லாம் நம் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் ஆங்கில ஆய்வுகளை வைத்துச் செய்தி வராத வாரமில்லை. எதிலிருந்து கூடுகிறது, எதிலிருந்து குறைகிறது என்ற இரண்டாவது எண்ணைக் கேட்கும் உரிமை வாசகருக்கு இருக்கிறது. கொடுக்கும் கடமை செய்தி எழுதுகிறவர்களுக்கு இருக்கிறது.

படங்களுக்கும் இதே கதிதான். தீபாவளி வந்தால் போதும், இந்திய வரைபடம் முழுக்கப் பல நிறங்களில் ஒளிரும் ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். தீபாவளி இரவில் நாசா விண்வெளியிலிருந்து எடுத்த படம் என்று அதற்கு ஒரு விளக்கம். அந்தப் படத்தை உருவாக்கியவர் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிர்வாகத்தின் விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ். பல ஆண்டுகளின் இரவு ஒளிப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நகரங்கள் எப்படிப் பரவின என்று காட்டச் செய்தது. 1992-க்கு முன்பே இருந்த விளக்குகள் வெள்ளை. 1992-ல் புதிதாகத் தெரிந்தவை நீலம், 1998-ல் பச்சை, 2003-ல் சிவப்பு. ஆக, சிவப்பாகத் தெரிவது மத்தாப்பு இல்லை. புதிதாக மின்சாரம் போன ஊர், புதிதாக முளைத்த புறநகர். 2012-ல் தீபாவளியையொட்டி எடுத்த உண்மையான செயற்கைக்கோள் படத்தை நாசாவே வெளியிட்டு, அன்றைக்குக் கூடும் வெளிச்சம் விண்வெளியிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்குக் குறைவு என்று விளக்கியது. நிறங்களுக்கான விளக்கத்தோடு படத்தைப் பார்த்தால், பண்டிகைப் படத்தைவிடச் சுவாரசியமான ஒன்று கிடைக்கிறது: பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியா வளர்ந்த கதை. அந்த விளக்கம் வெட்டப்பட்டுத்தான் படம் நம் கைக்கு வருகிறது.

ஐந்து வாக்கியங்கள்

தவறான வாசிப்பால் நேர்ந்த நாசம் என்று பார்த்தால், இனி சொல்லப்போவதற்கு ஈடாக ஒன்றைச் சொல்வது கடினம்.

'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' உலக மருத்துவர்கள் பெரிதும் மதிக்கும் இதழ். 1980 ஜனவரி 10 இதழில், ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. எழுதியவர்கள் பாஸ்டனில் மருந்துகளின் விளைவுகளைக் கண்காணிக்கும் திட்டத்தைச் சேர்ந்த ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். மொத்தம் ஐந்தே வாக்கியங்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 39,946 நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்தோம்; அவர்களில் 11,882 பேருக்கு அபின் வகை மருந்து ஒரு முறையாவது கொடுக்கப்பட்டது; முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர் மட்டுமே அந்த மருந்துக்கு அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது. இதுதான் சாரம். மருத்துவமனையில் இந்த மருந்துகள் பரவலாகப் பயன்பட்டாலும், முன்பழக்கம் இல்லாத நோயாளிகள் அடிமையாவது அரிது என்று முடிகிறது கடிதம்.

அதில் எழுதியிருப்பதில் பிழை ஏதும் இல்லை. எழுதாமல் விட்டதைத்தான் கவனிக்க வேண்டும். எவ்வளவு மருந்து, எத்தனை நாள், எந்த வலிக்கு என்று ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போன பிறகு அந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்பதும் இல்லை. மருத்துவமனைப் படுக்கையில், செவிலியர் அளந்து கொடுக்க, வாங்கிச் சாப்பிட்டவர்களைப் பற்றிய குறிப்பு அது. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மாதக்கணக்கில் வீட்டில் வைத்து விழுங்குகிறவர்களைப் பற்றி அந்தக் கடிதம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

ஆனால் அவர்களுக்காகத்தான் அது மேற்கோள் காட்டப்பட்டது. அபின் வகை மருந்து சாப்பிட்டால் அடிமையாகிறவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்ற வாசகம் மருத்துவக் கட்டுரைகளிலும் கருத்தரங்குகளிலும் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் வாயிலும் புழங்கியது. ஐந்து வாக்கியக் கடிதம், விரிவான ஆய்வு என்றும் மைல்கல் ஆய்வு என்றும் பெரிய பத்திரிகைகளில் பெயர் வாங்கியது. பழைய இதழ்கள் இணையத்துக்கு வராத காலம் அது. மூலத்தைப் பார்க்க விரும்பும் மருத்துவர், நூலகத்துக்குப் போய்ப் பழைய தொகுப்பைத் தூக்கிப் புரட்ட வேண்டும். நெரிசல் மிகுந்த மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் அதைச் செய்யவில்லை என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. பாடப்புத்தகமும் வழிகாட்டி நெறிமுறையும் எழுதியவர்கள் செய்யாததை மன்னிக்க முடியவில்லை.

1995-ன் கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 1996-ல் 'ஆக்ஸிகான்டின்' என்ற மாத்திரை சந்தைக்கு வந்தது. தயாரித்தது பர்டியூ ஃபார்மா நிறுவனம். அடிமையாகும் அபாயம் மிகக் குறைவு என்று சொல்லி, புற்றுநோய் வலிக்கு அப்பால் சாதாரண வலிகளுக்கும் அதைப் பெருமளவில் விற்றார்கள். அபாயத்தைக் குறைத்துக் காட்டி மருந்தை விற்றதற்காக பர்டியூ குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனமும் அதன் மூன்று உயரதிகாரிகளும் 2007-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 60 கோடி டாலருக்கு மேல் அபராதமும் இழப்பீடும் கட்டினார்கள். அதற்குள் நாடு முழுவதும் லட்சக்கணக்கான குடும்பங்கள் சிக்கியிருந்தன. மாத்திரையில் தொடங்கியவர்களில் பலர் ஹெராயினுக்கும், பிறகு அதைவிட வீரியமான ஃபென்டனிலுக்கும் போனார்கள். 1999 முதல் 2022 வரை அமெரிக்காவில் அபின் வகைப் பொருட்களின் அளவு மீறி இறந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். இத்தனைக்கும் ஒரு கடிதம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. பேராசை, கண்காணிப்புக் குறைவு, வேலையிழந்த ஊர்களின் விரக்தி, கள்ளச் சந்தை எல்லாம் சேர்ந்தன. ஆனாலும் மருத்துவர்களின் மனத்தில் இயல்பாக எழுந்திருக்க வேண்டிய தயக்கத்தைப் போக்க அந்தக் கடிதம் ஒரு சாக்காகப் பயன்பட்டது.

கனடாவின் டொரன்டோவைச் சேர்ந்த டேவிட் ஜூர்லிங்கும் சக ஆய்வாளர்களும், அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். 2017-ல் அதே இதழில் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 608 மேற்கோள்கள். அதே காலத்தில் அந்த இதழில் வந்த மற்ற கடிதங்கள் பத்துப் பதினோரு முறைதான் மேற்கோள் ஆகியிருந்தன. 608-ல் 439 கட்டுரைகள், அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாக இந்தக் கடிதத்தைக் காட்டின. அந்த நோயாளிகள் அப்போது மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற முக்கியமான விவரத்தை 491 கட்டுரைகள் சொல்லவே இல்லை. பத்தில் எட்டுக் கட்டுரைகள்! ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒன்றைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கடிதத்தை எழுதிய ஜிக், அது வந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு செய்தியாளர்களிடம் பேசினார். மருந்து நிறுவனங்கள் செய்த காரியத்துக்குத் தன் கடிதம் சாக்காக எடுத்துக்கொள்ளப்பட்டதை நினைத்து வெட்கப்பட்டுக் கூனிப்போவதாகச் சொன்னார். அந்த இதழும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்தது. கடிதத்தைத் திரும்பப் பெறக் காரணமில்லை, அதில் பொய்யில்லை. எனவே இணையத்தில் அந்தப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் குறிப்பைச் சேர்த்தார்கள்: இந்தக் கடிதம் ஆராய்ந்து பாராமல் ஏராளமான முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது, பொதுமக்கள் நலன் கருதி வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதத்தின் ஐந்து வாக்கியங்களும் 1980-ல் அச்சானபடியே அங்கே இருக்கின்றன.